ரப்பர் பாய்க்கு அடியில் ஈரம்

இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த கீழறையை இன்று காலை திறந்து, தரையில் பரப்பியிருந்த ரப்பர் பாய்களைப் பெயர்த்தேன். அடியிலிருந்து பூஞ்சை நாற்றம் குப்பென்று எழுந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐயம்பேட்டையில் நான் வீடு கட்டியபோது, தெருமட்டத்துக்குக் கீழே இறங்கும் அந்த அறைக்குக் காங்கிரீட் போட்டவன் நீ. பள்ளிக்கூடத்திலிருந்தே என் சினேகிதன். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் உடற்பயிற்சி செய் என்று டாக்டர் சொன்னதும் நான் ரப்பர் பாய்களை வாங்கி வந்து இறக்கினேன். நீயோ ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுப் போனாய். மறுநாள் பிரித்தபோது உள்பக்கம் முத்து முத்தாய் நீர்.

“பாத்தியாபா? தரை இன்னும் ஈரம் கக்கிக்கினு இருக்குது. ரெண்டு மாசம் காயட்டும். அப்புறம் அடியில கெட்டி ஷீட் போட்டு நானே விரிச்சித் தரேன்.”

தலையாட்டினேன். நீ முசரவாக்கத்து வேலைக்குப் போன அந்த வாரமே, உன்னிடம் சொல்லாமல் விரித்துவிட்டேன்.

மழைக்காலத்தில் பாய்களின் ஓரம் சுருண்டு எழும்பியது. அதில் கால் தடுக்கி விழுந்து என் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. அன்றோடு அந்த அறையைப் பூட்டிவிட்டோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமனாரும் மைத்துனனும் என்னைச் சூழ்ந்துகொண்டு, எப்படி ஆச்சு என்று கேட்டார்கள்.

“தரை போட்டவன் சரியாப் போடல” என்றேன்.

திரும்பினால், கையில் இளநீரோடு நீ நின்றுகொண்டிருந்தாய். “தங்கச்சிக்கு வலி எப்படி இருக்குது?” என்று மட்டும் கேட்டாய்.

மைத்துனன் கட்டிய வீட்டு வேலை உனக்கு வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். மாமனார் முகம் நினைவுக்கு வந்ததும் தள்ளிப்போட்டுவிடுவேன். போன தை மாதம் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று பெயர்த்த பாய்களை அப்படியே போட்டுவிட்டு படியேறி என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க.”

உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

“தெரியும்ணா. அன்னிக்கே சொன்னாரு.”

“எம்மேல கோவமாம்மா அவனுக்கு?”

“இல்லணா. ‘எல்லாரும் சுத்தி நின்னாங்க, பயந்துட்டான். அவனே வந்து சொல்லுவான் பாரு’ன்னாரு. நீங்க வருவீங்கன்னு ரொம்ப நாள் பாத்துக்கினு இருந்தாரு.”

வெளியே வந்து மைத்துனனுக்குப் போன் செய்து, பொய் சொன்னது நான் என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். சொல்ல வேண்டியவர்களிடம் எல்லாம் சொல்லிவிடுவேன். நீ எனக்காகக் காத்திருந்த நாட்கள் மட்டும் என்னோடேயே இருக்கும்.