முதல் படம் கைக்கு

பிப்ரவரி 26

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நலம், என் முதுகு மட்டும் நலமில்லை. நேற்று ஒரு காண்டாமிருகத்துக்காக ஒன்பது மணி நேரம் ஜீப்பில் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அது தன் பின்பக்கத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டது. போனுக்கு இங்கே சிக்னல் கிடையாது. வியாழக்கிழமை சாமான் ஏற்றி வரும் வண்டிதான் தபாலையும் கொண்டு வரும், கொண்டு போகும்.

ஒரு நல்ல செய்தி. 'தாய்க்குடை' புகைப்படப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது! ஞாபகம் இருக்கிறதல்லவா, இரண்டு வருடத்துக்கு முன்னால் நீயும் என்னோடு வெளிநாடு வந்தாயே, அந்தப் பயணத்தில் கிடைத்த படம். ஈப்பிடிப்பான் குருவி வெயிலில் இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு மூன்று குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். தாய்மைக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்று நடுவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு பத்திரிகையில் என் பேட்டி வந்திருக்கிறது. கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றியும் மறக்காமல் சொல்லியிருக்கிறேன், பார். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி

---

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நாங்கள் நலம். உன் மாமா மூக்கடைப்போடு வீட்டையே ரெண்டாக்கிக் கொண்டிருக்கிறார். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படக் கூட்டம். "சிரிக்காதீங்க, நேரா பாருங்க" என்று நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்லிச் சொல்லி என் முகமே சிரிப்பை மறந்துவிட்டது.

பேட்டியைப் படித்தேன். முதல் தடவை வாசலில் நின்றபடி, இரண்டாவது தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு, மூன்றாவது தடவை உன் மாமாவுக்காகச் சத்தமாக. "அக்காவும் கூட வந்தாங்க. பை தூக்க, குடை பிடிக்க ஒரு ஆள் வேணும்ல?" அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'சிரிக்கிறார்' என்று போட்டிருந்தது. உன் மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூக்கடைப்பையும் மறந்து, "நான் டீ போட்டுக் கொண்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

தம்பி, ஒளித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. வயிறு எரிகிறது. அந்தப் படத்தை எடுத்தது நான். கூடாரத்துக்குள் கேமராவுக்குப் பின்னால் நான் இருந்தேன். நீ கூட்டுக்குப் பக்கத்துப் புதரில் நகரவும் முடியாமல் இருமவும் முடியாமல் குந்தியிருந்தாய். பத்திரிகைக்கு உன் பேரில் அனுப்பியபோது, "உன் பேர் யாருக்குக்கா தெரியும்? அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றாய். சின்னவன் முன்னுக்கு வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை. அதற்குப் பிறகு நீ போன ஆறு பயணத்துக்கும் பை தூக்கக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. போட்டிக்காரர்களுக்கு எழுதி, படத்துக்கு என் பேரைப் போடச் சொல். பரிசை நீயே வைத்துக்கொள்.

அப்புறம், அந்தக் குஞ்சுகள் என்ன ஆயின என்று பேட்டியில் ஒரு வார்த்தை இல்லையே, ஏன்?

உன் அக்கா

---

மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் படித்து முடித்ததும் முகாம் சமையற்காரர், "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். என் முகம் அப்படி ஆகிவிட்டதாம்!

ஒரு வேடிக்கைக்குச் சொன்னதைப் போய் இவ்வளவு பெரிதாக்குகிறாயே. பட்டனை அழுத்துவது மட்டும் படம் எடுப்பதாகிவிடுமா? அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தது யார்? கூட்டைக் கண்டுபிடித்தது யார்? லென்ஸ் யாருடையது? நீ அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்தாய், அவ்வளவுதான். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவர் பேரை இப்போது நுழைத்தால் என்னையும் சந்தேகப்படுவார்கள். குஞ்சுகள் விஷயத்தை எதற்குக் கிளறுகிறாய்? காட்டில் அதெல்லாம் நடப்பதுதான் என்று அன்றைக்கே சொன்னேன்.

இப்போது அவசரமான வேலை. போட்டிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் அசல் மெமரி கார்டையே அனுப்ப வேண்டுமாம். அந்தப் படமும், அதற்கு முன்னால் எடுத்த ஐந்தும், பின்னால் எடுத்த ஐந்தும் அப்படியே இருக்க வேண்டும். ஏப்ரல் இருபதுக்குள் போய்ச் சேராவிட்டால் படம் தள்ளுபடி. கார்டு உன்னிடம்தானே இருக்கிறது? வழக்கப்படி உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருப்பாய். இந்தப் பரிசு கிடைத்தால் என் புத்தகம் வரும். கிடைக்காவிட்டால் திரும்பவும் கல்யாண வீடுகளில் படம் பிடிக்க வேண்டியதுதான். என் வாழ்க்கையே இப்போது உன் கையில் இருக்கிறது அக்கா.

அன்புத் தம்பி

---

மார்ச் 23

அன்புத் தம்பிக்கு,

கார்டு இருக்கிறது. உறையில், தேதியோடு, பீரோவின் இரண்டாவது தட்டில்.

அந்தக் கார்டில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? உனக்கு எப்படித் தெரியும்? நீ ஒருநாளும் முழுக் கார்டையும் பார்த்ததில்லை. "நல்ல படத்தை மட்டும் எடுத்துக் கொடு, குப்பையெல்லாம் காட்டாதே" என்பாய். இருபது வருடமாக உன் குப்பையைப் பார்ப்பது என் வேலை. அன்றைக்கும் ஒரே ஒரு படத்தைத்தான் பிரித்துக் கொடுத்தேன்.

நம் ஸ்டூடியோ வழக்கம் நினைவிருக்கிறதா? முதல் படம் கைக்கு. யார் வந்து உட்கார்ந்தாலும், "கையக் காட்டுங்க" என்று ஒரு படம் எடுத்து வெளிச்சம் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போவோம். நீ வெளிச்சம் பார்ப்பதையெல்லாம் கேமராவிடமே விட்டுவிட்டாய். எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை, காட்டிலும் போகவில்லை. யோசித்துப் பார்.

பதினொரு படத்தையும் சின்னதாகப் பிரிண்ட் போட்டு உனக்கு அனுப்பட்டுமா? பார்த்துவிட்டுச் சொல். இல்லையென்றால், நான் முன்பு கேட்டதைச் செய். என் பேரைப் போடு. அப்புறம் இந்தக் கார்டை என்ன செய்வதென்று இரண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம். உன்னை எச்சரித்தேன் என்பதை மட்டும் மறந்துவிடாதே.

உன் அக்கா

---

ஏப்ரல் 1

அன்பு அக்காவுக்கு,

எச்சரிக்கையாம்! முட்டாள்கள் தினத்தன்று உன் கடிதம் வந்து சேர்ந்தது, பொருத்தம்தான்.

பிரிண்ட் எனக்கு வந்து, நான் பார்த்து, திரும்ப எழுதி... ஏப்ரல் இருபது தாண்டிவிடும். குப்பையைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்? நாளை விடியும்போது ஆற்றுக்குப் போகிறோம், சிறுத்தை ஒன்று குட்டிகளோடு வருகிறதாம். கைப் படம், கால் படம் எது இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். வெளிச்சம் பார்க்க எடுத்தது என்று அவர்களுக்குத் தெரியாதா? அவர்கள் பார்ப்பது அது அசல்தானா என்று மட்டும்தான்.

நேராக அவர்களுக்கே அனுப்பிவிடு. ஒன்றையும் அழிக்காதே, சேர்க்காதே. போட்டி விவகாரமெல்லாம் உனக்குப் புரியாது, அதனால் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அதில், 'இந்தக் கார்டில் உள்ள எல்லாம் என் வேலை, முழுமையாக அனுப்புகிறேன்' என்று இருக்கிறது. கார்டோடு சேர்த்து அனுப்பு.

பேர் விஷயத்தை இதோடு விடு. வரும்போது உனக்கு நல்ல தோல் பை ஒன்று வாங்கி வருகிறேன். கோபம் பறந்து போகும்.

அன்புத் தம்பி

---

ஏப்ரல் 13

தம்பிக்கு,

நீ சொன்னபடியே அனுப்பிவிட்டேன். ஒன்றையும் அழிக்கவில்லை, சேர்க்கவில்லை. உன் கையெழுத்துத் தாளையும் வைத்தேன். போய்ச் சேர்ந்ததற்கு ரசீது வந்துவிட்டது. வியாழக்கிழமை வண்டியில் இந்தக் கடிதம் உனக்கு வரும்போது அவர்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார்கள்.

நீ பார்க்க மறுத்ததை இப்போது நானே சொல்கிறேன். இதைச் சொல்லும் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

முதல் படத்தில் இலைகள்தான். நடுவே குருவியின் மூக்கு நுனி மட்டும் தெரியும். இலைகளை ஒதுக்கிக் கட்ட நான் கம்பளி நூல் கொண்டு வந்திருந்தேன். படம் எடுத்ததும் அவிழ்த்துவிட்டால் கூடு பழையபடி மறைந்துகொள்ளும். "நூல் கட்ட அரை மணி ஆகும்க்கா. இது என்ன தோட்டமா? காடு. மறுபடி வளரும்" என்றாய். இரண்டாவது படத்தில் உன் முதுகு தெரிகிறது, செடி வெட்டும் கத்தரி தெரிகிறது. மூன்றாவதில் வெட்டிய கிளையோடு நீ திரும்பிப் பார்க்கிறாய், முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. நான்காவது உன் கை. "கையக் காட்டுடா" என்றேன். யோசிக்காமல் நீட்டினாய், கத்தரியோடு. கட்டைவிரல் தழும்பு வரைக்கும் தெரிகிறது. பின்னால் கூடு வெட்டவெளியில் கிடக்கிறது. ஐந்தாவதில் தாய் திரும்பி வருகிறது. அதற்கடுத்தது, நீ 'தாய்க்குடை' என்று பேர் வைத்த படம்.

நீ கேமராவுக்கு முன்னால் நிற்கிறாய். அப்படியானால் பின்னால் இருந்தது யார் என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும்.

பின்னால் உள்ள ஐந்தையும் கேள். முதல் மூன்றிலும் தாய் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது, சிறகு தாழ்ந்துகொண்டே வருகிறது. நான்காவதில் குஞ்சுகளின் கழுத்து மூன்றும் கூட்டின் விளிம்பில் தொங்குகின்றன. கடைசியில் கூடு மட்டும் இருக்கிறது. தாய் இல்லை. தாய்மைக்குச் சாட்சி கேட்டார்களே, முழுச் சாட்சியும் போயிருக்கிறது.

உன்னை மட்டும் மாட்டிவிட்டு நான் நழுவினேன் என்று நினைக்காதே. அவர்களுக்கு நானும் ஒரு கடிதம் எழுதினேன். இலைகளை வெட்டியது என் தம்பி, படம் எடுத்தது நான். நூல் என் பையிலேயே இருந்தும் அவனைத் தடுக்கவில்லை. அந்தப் பறவை மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே மூன்று படம் எடுத்தேன். இதற்குப் பரிசு யாருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டூடியோ பேரும் இனி நாறும், தெரிந்துதான் செய்தேன். உன் மாமா கடிதத்தைப் படித்துவிட்டு, "உன் தம்பி ஆச்சே" என்றார். "அதனாலதான்" என்றேன். வேறொருவன் என்றால் எனக்கு இவ்வளவு வெறி வந்திருக்காது.

இரண்டு தடவை உனக்கு வழி விட்டேன். ஒரு பேர் கேட்டேன், நீ தரவில்லை. பார்க்கச் சொன்னேன், அதைக் குப்பை என்றாய். அழுவேன் என்று நினைத்திருந்தேன், அழுகை வரவில்லை. அனுப்பிவிட்டு வந்த அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்ததும் பசித்தது.

தோல் பை வேண்டாம். கல்யாண வீடுகளுக்குப் போகும்போது உனக்கே உதவும். இனி இந்த முகவரிக்குக் கடிதம் போடாதே, வந்தாலும் பிரிக்கமாட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் குடை பிடித்தேன் என்று பேட்டியில் சொன்னாய் அல்லவா? அன்றைக்குக் குடை என் காலடியில்தான் கிடந்தது. நான் அதை எடுத்து விரிக்கவில்லை. விரித்திருந்தால் அந்த மூன்றும் பிழைத்திருக்கும்.

படம் எடுத்தவள்