ஐந்து சொட்டும் வாசல் மண்ணும்

புரட்டாசி 2, வியாழன்
நல்ல வெயில். குழாயில் தண்ணீர் இரண்டே குடம். பேத்தி பிறந்து ஐம்பத்தோரு நாள்.

மாலை ஐந்தரைக்கு அழுகை. முட்டியை வயிற்றோடு மடக்கி, முகம் சிவந்து, எட்டு மணி வரை. தினமும் இதே. பக்கத்து வீட்டுக் காளியம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்: "அண்ணே, கம்பெனிச் சங்கு பிந்தினாலும் உங்க பேத்தி பிந்த மாட்டா போல."

மருமகள் செல்வி சாத்தூர் டாக்டரிடம் போய் வந்தாள். கையில் சின்னப் பாட்டில்.
"பயப்படாதீக மாமா. இதுல உயிருள்ள நல்ல கிருமி இருக்காம். வயித்துல குடியேறி அழுகையை அமத்துமாம். தினம் அஞ்சு சொட்டு. ஒரு வாரம் பிடிக்கும்னாரு."

திங்கள் முதல் அவளுக்குப் பட்டாசு வேலை. சீசன். மகன் திருப்பூரில். சொட்டு இனி என் பொறுப்பு.

புரட்டாசி 6, திங்கள்
ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலை வேன் காலை ஆறரைக்கே வந்து செல்வியை ஏற்றிப் போய்விட்டது. பேத்தி பாட்டில் பால் குடித்தாள். சொட்டு கொடுக்கக் கை வரவில்லை.

யாருக்கும் தெரியாதது. பள்ளிக்கூடம் மிதிக்காதவன், அறுபதுக்கு மேல் பழகிய எழுத்து. இதற்குத்தான் பழகினேனோ என்னவோ. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு மூத்ததாய் ஒரு மகள். இதே வீடு, இதே நேரம், இதே அழுகை. என் வீட்டுக்காரி தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருந்தாள். கடுகளவு அபினைப் பாலில் உரைத்து ஊட்டினேன். அப்போது பல வீட்டிலும் உண்டு. அழுகை நின்றது. அவள் எழவே இல்லை. காய்ச்சல் என்றேன். வீட்டுக்காரி சாகும்வரை நம்பினாள்.

ஐந்து சொட்டையும் வாசல் மண்ணில் விட்டேன்.

புரட்டாசி 8, புதன்
மண்ணுக்கு ஐந்து சொட்டு. ஐந்தரைக்கு அழுகை. அழட்டும். அழுதால் இருக்கிறாள்.

அழும்போது என்னைப் பார்ப்பதில்லை. என் தோளுக்குப் பின்னால், கதவு மூலையை. மூத்தவளின் தொட்டில் தொங்கிய வளையம் இன்னும் அங்கே விட்டத்தில். தோளை மாற்றிப் போட்டேன். தலையைத் திருப்பி மறுபடி அங்கேயே.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், சோப்பு, வசம்பு. (பொழுது சாய்ந்தபின் அதன் பேரைச் சொல்லக்கூடாது. எழுதலாமா?)

புரட்டாசி 10, வெள்ளி
தூறல். ஐந்தரை. சத்தமில்லை.

ஐந்தே முக்கால். கண் திறந்துதான் இருக்கிறது. அசைவில்லை. சுவருக்கு மேலிருந்து, "என்னண்ணே, இன்னைக்குச் சங்கு ஊதலையா?" வெடி சுற்றும் மெல்லிய தாளில் ஒரு கீற்றுக் கிழித்து மூக்கருகே பிடித்தேன். ஆடியது. மறுபடி பிடித்தேன். ஆடியது. உள்ளங்காலைச் சுண்டினேன். அழவில்லை.

வேன் வந்தது. வாசலில் நின்று கைகால் கழுவிக்கொண்டிருந்த செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொட்டு, மண், மூத்தவள், அபின்.

பட்டாசுக்குப் போடும் வெள்ளிப்பொடி நகத்திலிருந்து போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"திங்கக்கிழமையே வாசல்ல சொட்டு விழுந்த இடத்துல எறும்பு மொய்ச்சுச்சு மாமா. அன்னைக்கே வேற பாட்டில் வாங்கி நானே குடுத்துட்டேன். தினமும் காலையில வேனுக்கு முன்னால குடுத்துட்டுத்தான் போறேன். அதான் அழல." பிறகு மெதுவாக, "அவ பேரு என்ன?"

நாற்பத்திரண்டு வருஷமாக வாயில் வராத பேர். சொன்னேன்.

பேத்தி சிரித்தாள். முதல் சிரிப்பு. கதவு மூலையைப் பார்த்து.