மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்

மார்ச் 4, செவ்வாய்

ஏழாம் அத்தியாயத்தில் எலி புகுந்துவிட்டதாம்.

ஒலிக்கூடத்தில் என் குரலைப் பதிவு செய்யும் பெண்ணுக்குப் பாம்புக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கி நிறுத்தினாள். "சார், கொலைகாரன் மெதுவா கதவைத் திறக்கிறான். பின்னாடி சரக் சரக்னு ஒரு சத்தம் வருது. கதையில எலி இருக்கா?"

கதையில் எலி இல்லை. என் இடது முழங்கையும் பிடரியும் இருக்கின்றன, அவற்றைச் சொறியும் வலது கை இருக்கிறது. இருபது வருடமாக ஒலிப்புத்தகம் வாசிக்கிறேன். கடைசி மூன்று வருடம் சொறிந்துகொண்டே வாசிக்கிறேன். இதுவரை மைக்குக்கு எட்டாமல் தப்பித்தேன். புது மைக் வந்தது, மானம் போனது.

மார்ச் 6, வியாழன்

பதிப்பாளர் தொலைபேசினார். நாற்பத்திரண்டு அத்தியாயமும் ஏப்ரலுக்குள் முடிய வேண்டும். "இல்லேன்னா வேற குரல் பாத்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க சார்."

வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்?

அரிப்பு மாத்திரை போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். அரிப்பு குறைந்தது. ஆனால் துப்பறிவாளர் கொட்டாவி விடுகிறார். பிணத்தைப் பார்த்ததும் கொட்டாவி! எல்லாம் அழித்தாயிற்று.

மார்ச் 8, சனி

தோல் மருத்துவரிடம் போனோம். களிம்பை மாற்றி எழுதினார். என் மனைவி சும்மா இருக்கவில்லை. "அக்குபங்சர் பண்ணலாமா டாக்டர்?" என்று கேட்டுவைத்தாள்.

"களிம்பை நிறுத்தாம, கூடவே அதையும் பாருங்க. சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல."

பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். யாரிடம் போக வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். என் தங்கை வீட்டுக்காரர் செய்யும் தொழிலே அதுதான். கல்யாணப் பேச்சின்போதே 'குண்டூசி வைத்தியர்' என்று அவருக்குப் பெயர் சூட்டியவன் நான். விருந்துக்கு வரும்போதெல்லாம், "சட்டையில பட்டன் பிஞ்சிருக்கு, உங்ககிட்ட ஊசி இருக்குமா மாப்பிள்ளை?" என்று கேட்டு நானே முதலில் சிரிப்பேன். முதல் வருடம் தங்கையும் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். இரண்டு வருடமாக வருவதையே நிறுத்திவிட்டாள்.

இறங்கும்போது மனைவி சொன்னாள்: "உங்களுக்குத் தோல்ல மட்டுமா அரிப்பு? நாக்குலயும்தான்."

மார்ச் 10, திங்கள்

போக மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

போகிறேன். எட்டாம் அத்தியாயத்திலும் எலி.

மார்ச் 15, சனி

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரே ஒரு கூடம். திரைச்சீலை போட்டுப் பிரித்த ஆறு கட்டில்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க மச்சான்." அவ்வளவுதான். ஏன் வந்தீர்கள், இத்தனை நாள் எங்கே போனீர்கள் — எதுவும் இல்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாடி பார்த்தார். "எப்போ ரொம்ப அரிக்குது?"

"அசையக் கூடாதுன்னு நினைக்கறப்போ."

அதைக் குறித்துக்கொண்டார். நான் ஏதோ பெரிய விஷயம் சொல்லிவிட்டதைப் போல.

உறையைப் பிரித்து எடுத்த ஊசி முடியைப் போல மெல்லிசு. முழங்கை மடிப்பில் ஒன்று, கையில் ஒன்று. அடுத்து முழங்காலுக்கு மேல் வைத்தார். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா? "அரிக்கிறது பிடரியில, குத்துறது கால்லயா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறீங்களே மாப்பிள்ளை!"

அவர் என் வழுக்கையைப் பார்த்தார். என் முழங்காலைப் பார்த்தார். "ஆமா மச்சான். ரெண்டும் இங்கதான இருக்கு" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். நானும்தான்.

வலி இல்லை. குத்திய இடத்தில் யாரோ விரலால் அழுத்திப் பிடித்திருப்பதைப் போல ஒரு கனம். இருபத்தைந்து நிமிடம் அசையாமல் கிடந்தேன். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை என்கிறாள் மனைவி.

மார்ச் 17, திங்கள்

அரிப்பு அப்படியேதான் இருக்கிறது. நன்றாகத் தூங்கினேன். அது சேர்த்தியா?

மார்ச் 22, சனி

இதை எப்படி எழுதுவது?

மாப்பிள்ளை ஊசிகளை வைத்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டிலிலிருந்து அதே பெண் குரல்: "டாக்டர், போன வாரம் பாதியில நிறுத்தினீங்களே, அந்தக் கதையப் போடுங்க."

"இன்னிக்கு வேண்டாமே" என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் ஒரு சங்கடம்.

"அது கேட்டாத்தான் எனக்கு உடம்பு தளருது. போடுங்க டாக்டர்."

ஒரு பொத்தான் சத்தம். கதை தொடங்கியது. என் குரல்! ஆறு வருடத்துக்கு முன் நான் வாசித்த கப்பல் கதை. உடம்பெல்லாம் ஊசியோடு மல்லாந்து கிடந்து நான் எனக்கே கதை கேட்டேன். எழுந்து ஓடலாமென்றால் முழங்காலில் ஊசி.

அவர் ஊசிகளை எடுக்க வந்தபோது ஆரம்பித்தேன். "மாப்பிள்ளை, நான் இவ்வளவு நாளா உங்களைப் பேசினதெல்லாம்..."

"பேசாதீங்க மச்சான். ஊசி ஆடும்."

மார்ச் 23, ஞாயிறு

தங்கையைக் கூப்பிட்டேன். என் குரல்தான் ஆறு வருஷமா ஓடுதாம். நான் வாசிச்ச புஸ்தகம் எல்லாமே அங்க இருக்காம். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"ன்னா, "நீ அதையும் வெச்சு ஒரு ஜோக் அடிச்சிருப்பே அண்ணா"ங்கறா.

அடிச்சிருப்பேன். சத்தியமா அடிச்சிருப்பேன். என்ன மனுஷன்டா நீ?

ஏப்ரல் 2, புதன்

தோல் திரும்பவும் கொப்பளித்துவிட்டது. புதுச் சோப்பு. மனைவி அதைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். களிம்பு, ஊசி இரண்டும் தொடர்கின்றன. மாப்பிள்ளை சொல்கிறார்: "மச்சான், இது போகும் வரும். வர்றது குறையும். அடியோட போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்."

நான் இத்தனை வருடம் கேலி செய்தது இந்த மனிதரையா?

ஏப்ரல் 9, புதன்

பத்தொன்பதாம் அத்தியாயம், ஒரே மூச்சில். பாம்புக்காதுக்காரி இரண்டு முறை திரும்பக் கேட்டுவிட்டு, கட்டை விரலை உயர்த்தினாள். எனக்கு நடுவில் ஒரு முறை பிடரியில் ஊறத்தான் செய்தது. முன்பெல்லாம் எனக்குத் தெரியும் முன்னே கை போய்விடும். இன்று எனக்குத் தெரிந்தது. அடுத்த வரியை வாசித்தேன். அது போய்விட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு

தங்கை குடும்பத்தோடு வந்தாள். நான் ஒரு ஜோக்கூட அடிக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவளே கவலைப்பட்டு என் மனைவியைக் கேட்டாளாம்: "அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா அண்ணி?"

ஏப்ரல் 28, திங்கள்

முடிந்தது. நாற்பத்திரண்டும். கொலைகாரன் பிடிபட்டான். பதிப்பாளருக்கு ஏக சந்தோஷம்.

மே 10, சனி

மாப்பிள்ளையின் ஒலிப்பெட்டி பழுது. காலையில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மச்சான், இன்னிக்கு ஒரு நாள் நேர்ல வாசிக்க முடியுமா?"

நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஆறு கட்டிலும் நிறைந்திருந்தன. மைக் இல்லை, கண்ணாடி இல்லை. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் முதல் திரைக்குப் பின்னாலிருந்து குறட்டை. பிறகு இன்னொன்று. மூன்றாவது குறட்டை திரைக்கு வெளியிலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை சுவரில் தலையைச் சாய்த்து, பஞ்சுத்தட்டை மடியில் வைத்தபடி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, மேலே வாசித்தேன்.