வால் அறையில் பென்சில் கோடுகள்

மார்ச் 4, செவ்வாய்

காட்சிக்கு வைக்க நாங்கள் புதுப்பிக்கும் பழைய குண்டுவீச்சு விமானத்தின் வால் அறையில் இரண்டாம் நாள். போரின்போது துப்பாக்கிக்காரர் ஒருவர் பின்பக்கம் பார்த்தபடி முடங்கி உட்கார்ந்திருந்த இடம். தோள் இடிக்காமல் திரும்ப முடியாது. பிற்பாடு யாரோ அடித்த சாம்பல் பெயிண்டைத் தின்னர் வைத்து எடுக்கிறேன். அடியில் ஏதாவது தெரிந்தால் கையை எடு, உடனே படம் எடு. இந்தப் பட்டறைக்கு அந்த விதியை எழுதியதே நான்தான்.

மார்ச் 5

துடைத்துவிட்டேன்.

பெயிண்ட் இளகியதும் பென்சில் கோடுகள் தெரிந்தன. வரிசையாக, எதையோ எண்ணிய மாதிரி. கீழே ஒரு வரி எழுத்து, எழுதியவரே பாதி அடித்துவிட்டது. கண் பார்த்தது, கை நிற்கவில்லை. ஒரே இழுப்பு. துணியில் கருப்பாக ஒரு தீற்றல், அவ்வளவுதான். பார்த்தேன். பார்த்தேன்தானே?

மார்ச் 9

கேப்டனிடம் சொன்னேன். பட்டறைத் தலைவர், மேம்பாலம் ஏறினாலே தலைசுற்றும் மனிதருக்கு இந்தப் பட்டப்பெயர். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தத் துப்பாக்கிக்காரரோட பொண்ணு திறப்பு விழாவுக்கு வராங்க. எண்பது தாண்டிடுச்சு. அப்பா கையால எழுதினது எதாவது இருக்கான்னு மூணு லெட்டர் போட்டாங்க. உனக்குத்தான் ஞாபகம் இருக்குல்ல? நீயே எழுதிடேன்."

"சார், அது பொய்."

"இந்த விமானத்துல பாதி ரிவெட் ஆணி போன வருஷம் நாம அடிச்சது. அது மட்டும் உண்மையா?"

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

மார்ச் 11

சமையலறை மேஜையில் எழுதிப் பார்த்தேன். ஒரு தாளில் பதினோரு கோடு. இன்னொன்றில் பதினாறு. அடித்த வரியில் என்ன இருந்தது என்பது சுத்தமாக ஞாபகம் இல்லை. மகள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஜெயில்ல நாள் எண்றியா?" என்றாள். சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குள் போய் ஏன் அழுதேன்?

மார்ச் 14

பென்சிலைச் சீவிக்கொண்டு உள்ளே போனேன். தகட்டில் முனையை வைத்தேன். எடுத்துவிட்டேன். நேர்மையா, பயமா? என்ன எழவோ.

மார்ச் 22

திறப்பு விழா. துப்பாக்கிக்காரரின் மகள், அந்த அம்மா, தடியூன்றி வால் வரை வந்தார். வேண்டாம் என்று கேப்டன் கண்ணாலேயே சொன்னார்.

"இங்க பென்சில்ல ஏதோ இருந்துச்சும்மா. உங்க அப்பா எழுதினதா இருக்கலாம். நான்தான் தெரியாம தொடச்சிட்டேன்."

அவர் தகட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"எத்தனை கோடு?"

"தெரியலம்மா. பத்துக்கு மேல."

"நேராவா, சாய்ச்சா?"

"சாய்ச்சு."

"அப்பாவுக்கு இடது கைப் பழக்கம், கோடெல்லாம் சாய்ஞ்சுதான் விழும்," என்றார்.

'சாய்ச்சு' என்றது யோசிக்காமல் வந்த பதில். கண்டதைச் சொன்னேனா, அந்த முகத்துக்காகச் சொன்னேனா?

ஏப்ரல் 10, வியாழன்

நான் வால் பக்கம் போகக்கூடாது என்று கேப்டன் உத்தரவு. எனக்கு இப்போது விமானச் சக்கரங்களைச் சுத்தம் செய்யும் வேலை. அந்த அம்மா இந்த வியாழனும் வந்தார். விமானத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு, "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். சொன்னேன். போன வாரம் சொன்ன மாதிரியே சொன்னேனா, தெரியவில்லை.