பேய்களும் விலகிய பெண்

அன்புள்ள ஒடெஸா,

கர்த்தர் உன்னையும் உன் மூட்டுகளையும் காப்பாராக. நான் நலம்.

ஆர்லாண்டோ கேளிக்கைப் பூங்காவில், ஆட்களை இருட்டில் பயமுறுத்தும் பேய்வீட்டு வாசலில் வேலை. நேற்றுச் சக்கர நாற்காலியில் மார்லீன் என்றொரு பெண் வந்தாள். சக்கர நாற்காலி வந்தால் சொல்லவேண்டும் என்ற பூங்கா விதிப்படி உள்ளே அறிவித்தேன். விளக்குகள் எரிந்தன, பேய் வேடக்காரர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். வெளியே வந்ததும் அவள் என்னிடம் கேட்டாள்:

"பேய்கூடவா என்னைப் பாத்துப் பாவப்படணும், பெரியவரே? முன்னாடி போன என் தங்கச்சிக்கு அலறி அலறித் தொண்டையே போச்சு. நான் என்ன ஆஸ்பத்திரிக்கா வந்தேன்? சொல்லாம இன்னொரு தடவை விடுங்களேன்!"

"விதி விடாதும்மா."

அவள் அழுதுகொண்டே போனாள்.

கூரையைப் பிரித்து முடவனை ஆண்டவர்முன் இறக்கியவர்களைப் பற்றி போதகராக இருந்த காலத்தில் எத்தனை ஞாயிறு பிரசங்கித்திருப்பேன்! நானோ திறந்திருந்த கதவையே அடைத்தேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. இந்தக் கடிதம் கிடைக்கும் இரவு தொலைபேசியில் நீயே ஜெபம் சொல்; எனக்கு வார்த்தை வரவில்லை. பேருந்து வந்துவிட்டது.

உன் தாடியஸ்