மடியில் பதினொரு கிலோ

2012 ஜூன் 6, புதன்

காலையிலிருந்து சாரல். துணி ஒன்றும் காயவில்லை. நேற்று ஷார்ஜாவிலிருந்து இவர் வந்து சேர்ந்தார். லீவு மூன்று வாரம்தான். பெட்டி பிரித்தாயிற்று: பேரீச்சம்பழம், சோப்பு, தைலம், மாமாவுக்கு டார்ச், ஜெனிக்கு இரண்டு உடுப்பு. எனக்கு ஒரு சென்ட் பாட்டில், அதுவும் பாதி கசிந்தது.

தனி அட்டைப்பெட்டியில் ஒரு நாற்காலி. காரில் பிள்ளையை வைத்து பெல்ட் போடுகிற சீட்டாம். இரண்டு வயதுக்காரிக்குச் சிம்மாசனம்! அந்த இடத்தில் எத்தனை பால்பவுடர் டின் வந்திருக்கும்.

மாமா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. முடிவெட்டுக் கடையில போடலாம்." நான் சிரித்துவிட்டேன். இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

ஜூன் 8, வெள்ளி

மழை விட்டது. முற்றத்தில் காரோடு மல்லுக்கட்டு. பின்சீட் பெல்ட்டைக் காணோம். கவர் தைத்தவன் அதையும் சேர்த்து மூடித் தைத்திருக்கிறான். வாங்கியதிலிருந்து ஒருவரும் தேடியதுமில்லை. இவர் பிளேடு எடுத்துக் கவரைக் கிழித்தார். மாமாவுக்கு நெஞ்சைக் கிழித்த மாதிரி.

"உன்னையெல்லாம் மடியில வச்சுத்தானலே கொண்டுபோனோம். செத்தா போன?"

"செத்திருந்தா உங்ககிட்ட நின்னு பேசமாட்டேன்லா அப்பா."

இவர் சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் நான் மாமா பக்கம். காரில் முன்சீட்டு அவருடையது, அவர் மடி ஜெனியுடையது. அத்தை போனபிறகு அவருக்கு அது ஒன்றுதான் சந்தோஷம். வழியில் தெரியும் மாடு, கோவில், மீன்காரி ஸ்கூட்டர் எல்லாம் காட்டிக்கொண்டே வருவார். அதைப் பிடுங்குவானேன்?

இவரிடம் சொன்னேன்: "எனக்க பிள்ளைய நான் பிடிக்கமாட்டேனா? நான் பிடிச்சா எங்க போவா?"

"பாக்கலாமா?" என்றார். பார்க்கலாம் என்றேன். திமிர்.

மறக்கக்கூடாது: காஸ் புக் பண்ண. மாமா பி.பி. மாத்திரை.

ஜூன் 10, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்ததும் அரிசி அளந்தார். அங்கன்வாடியில் ஜெனி பதினொரு கிலோ. அதே எடைக்குப் புழுங்கலரிசி, ஒரு துணிப்பையில். நான்தான் விளையாட்டுக்கு அவள் தொப்பியைப் பைமேல் மாட்டினேன். ஜெனியைச் சாமிடம் விட்டோம். சாம் இவருடைய தம்பி. அவனுக்கு வேடிக்கை பார்க்க முடியவில்லையே என்று வருத்தம்.

ஸ்கூல் கிரவுண்டு காலி. நான் முன்சீட்டில், மடியில் பை. மாமா பின்னால். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஸ்கூட்டர் போகிற வேகம்தான். இவர் சாமுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார். மார்த்தாண்டத்துப் பெண்ணா, எந்தக் குடும்பம் என்று நான் கேட்க வாயைத் திறந்தேன்.

பிரேக்.

தொப்பியோடு பை போய் டாஷ்போர்டில் இடித்து, காலடியில் விழுந்து வாய் பிரிந்தது. கார் முழுக்க அரிசி.

மாமா சிரித்தார். "வழுக்கிட்டு! அரிசிக்கு உசிரு உண்டா? பிள்ளைன்னா நம்மள கெட்டிப்பிடிக்கும்லா."

நான் சிரிக்கவில்லை. என் இரண்டு கையும் டாஷ்போர்டில் இருந்தன. விரித்தபடி. நான் இடித்துக்கொள்ளாமல் என்னைத் தாங்கிக்கொண்டு. பையை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. நானே விட்டுவிட்டேன். எப்போது விட்டேன்? தெரியாது. என்னைக் கேட்காமலே கை விட்டுவிட்டது.

இவர் என் கையைப் பார்த்தார்.

சாயங்காலம் வரைக்கும் அரிசி பொறுக்கினேன். அப்போதுதான் சொன்னார். அங்கே ஷார்ஜா ரோட்டில் இவர் வண்டிக்கு முன்னால் போன கார் மோதிவிட்டதாம். ஓடிப்போய்ப் பார்த்தால் பின்னால் இதே மாதிரி சீட்டில் ஒரு பிள்ளை, கீறல்கூட இல்லாமல் அழுதுகொண்டு. "முன்னாடி இருந்தவங்க…" என்று தொடங்கி, நிறுத்தி, தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஜூன் 11, திங்கள்

வேலை ஓடவில்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை. ஜெனியைத் தூக்கும்போதெல்லாம் கையைப் பார்க்கிறேன். பத்து மாதம் சுமந்தவள் நான், காய்ச்சலில் தோளிலிருந்து இறக்காதவள். அந்தக் கை இந்தக் கைதானா? யாரிடம் சொல்ல? சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

ஜூன் 27, புதன்

இவரை அனுப்ப ஏர்போர்ட். விடாத மழை. திருவனந்தபுரம் வரை வர சித்தியும் அவள் மகளும் சேலை கட்டித் தயாராக நின்றார்கள். சீட்டு இருப்பதால் இடமில்லை. "பிள்ளைக்கு ஒரு நாற்காலி, எங்களுக்கு ரோடா?" சித்தி கோபத்தோடு போனாள்.

இவர் உள்ளே போகுமுன் ஜெனிக்கு முத்தம், எனக்கு ஒரு பார்வை. "பெல்ட்டு" என்றார். அவ்வளவுதான். நல்ல மனுஷன், வேறு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

திரும்பும்போது சாம் ஓட்டினான். நான் பின்னால், பிள்ளை பக்கத்தில். அழுது அழுது கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால் பக்கத்தில் சீட்டு காலி. பெல்ட் தொங்குகிறது.

ஜெனி முன்னால். மாமாவின் மடியில் எழுந்து நின்று, கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. வெளியே நெய்யாற்றின்கரை போர்டு. எதிரே லாரி லாரியாக.

"வண்டிய நிறுத்து!"

"டீ குடிக்க நிறுத்துனப்ப அழுதா மைனி, அதான் அப்பா…"

"நிறுத்துலே!"

கொழுந்தனை லேய் என்றது இதுதான் முதல்முறை. ஓரமாக நிறுத்தினான். மழையில் இறங்கி முன்கதவைத் திறந்து பிள்ளையை வாங்கினேன். மாமா கொடுக்கவில்லை, நான் இழுத்தேன். ஜெனி வீறிட்டாள். சீட்டில் வைத்து மாட்டினேன்.

மாமா திரும்பினார். "எனக்க பேத்திய நான் கைய விட்டுருவேன்னா நினைக்க?"

"விடுவீங்க மாமா. நானும் விட்டேன். அன்னைக்கு அரிசி வழுக்கல்ல. நாந்தான் கைய விட்டேன்."

சொன்னது நான்தானா என்று எனக்கே திகைப்பு. சாம் ரோட்டைப் பார்த்தான். மாமா முன்னால் திரும்பிக்கொண்டார். புதுக்கடை வரும்வரை கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூலை 1, ஞாயிறு

தூறல். மூன்று நாளாக மாமா என் கையால் காப்பி வாங்கவில்லை. சாம் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

சர்ச்சுக்கு எங்களுக்கு முன்னாலேயே நடந்து கிளம்பிவிட்டார். குடையும் எடுக்கவில்லை. வளைவில் அவர் பக்கத்தில் காரை நிறுத்தினோம். "அப்பா, ஏறுங்க" என்றான் சாம். ஜெனி சீட்டிலிருந்து தாத்தா தாத்தா என்று கத்தினாள், கையை நீட்டினாள். மாமா அவள் கையை ஒருமுறை தொட்டார். என்னைப் பார்க்கவில்லை. மேலே நடந்தார்.

சாம் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இன்னைக்கு ஒருநாள் பிள்ளைக்க பெல்ட்ட கழத்திருவோமா மைனி? சர்ச்சு இந்தா இருக்கு."

வண்டியை எடு என்றேன்.