காசியிலிருந்து வந்த துளசி மாலை

ஜபம் தவறாத என் வீட்டுக்காரருக்கு,

பழங்கால ஓவியம் ஒன்றைப் பார்த்து, ஒவ்வொரு மணிக்கும் நடுவே முடிச்சுப் போட்டு, உங்கள் ஜபத்துக்காக என் அரைக்குருட்டுக் கண்ணால் கோத்த துளசி மாலையை இன்று டாக்குரியா சந்தையில் பார்த்தேன். ஒருத்தி அதை வளையலாகச் சுற்றிக்கொண்டு இலிஷ் மீனுக்குப் பேரம் பேசினாள்.

எனக்குத்தான் வம்பு பிடிக்குமே, விசாரித்தேன்.

“இருநூறு வருஷப் பழசு, மாஷிமா! எங்க ஆபீஸ் சார் எனக்காகக் காசியில தேடிப் பிடிச்சார்” என்று பெங்காலியில் குழைந்தாள்.

என்னை மாஷிமா என்று பெரியம்மா ஆக்கியதைக்கூட மன்னித்தேன். அவளுக்கு ஏன் கொடுத்தீர்கள் என்றும் கேட்கப்போவதில்லை. என் கைவேலையைக் காசிக்குத் தாரை வார்த்தீர்களே, வெட்கமாக இல்லை?

அவளுக்குத் தமிழ் தெரியாது. இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் பெங்காலியில் நீங்களே அவளுக்குப் படித்துச் சொல்லுங்கள். பிறகு வந்து கதவைத் தட்டுங்கள். பூட்டை மாற்றிவிட்டேன்.

இன்றுவரை
உங்கள் மனைவி